முதலில் கப்பலேறியவள்

எர்சீலியா நாவெல்பானை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் இடுப்பளவுக் கடலில் நின்று, பாறையில் வளரும் தடித்த பாசியை அறுத்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் மாதம், எங்கள் தென்கோடியில் கடும் குளிர்காலம். நான் கம்பளிக் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். கெலென்கோ என்ற அந்த மீனவ ஊரின் பள்ளிக்கூடத்துக்கு என்னை டீச்சராக அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

"பள்ளிக்கூடம் எங்கங்க இருக்கு?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

வாயில் கவ்வியிருந்த கத்தியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "மேல பாருங்க. கூரை துருப்பிடிச்சது எதுவோ அதான்."

"எல்லாக் கூரையும் துருப்பிடிச்சுதானே இருக்கு?"

"அதுல ரொம்பத் துருப்பிடிச்சது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மறுநாள் காலை பள்ளி அடுப்படியில் அதே சிரிப்பு கேட்டது. அவள்தான் எங்கள் சமையல்காரி. பயறும் நூடுல்ஸும் சேர்த்து வேகவைத்து அவள் ஊற்றும் கஞ்சிக்காகவே மூக்கொழுகிக்கொண்டு வரும் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் அவளை "அத்தை" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சமைக்கிறவர், பெருக்குகிறவர் எல்லோருமே அத்தைதான். என்னை மட்டும் டீச்சர் என்றார்கள். நான் வெளியூர்க்காரி என்பதால் இருக்கலாம்.

பள்ளி வேலை போக மிச்ச நேரத்தில் அவள் கடலில் இருந்தாள். கெலென்கோவின் ஆண்கள் படகைத் தள்ளுவதற்கு முன் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். "எர்சீலியா, இன்னிக்கு எப்படி?" என்பார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "போங்க, மத்தியானத்துக்குள்ள திரும்பிடுங்க" என்பாள். இல்லாவிட்டால், "படுத்துத் தூங்குங்க போங்க" என்பாள். தப்பியதில்லை. அவள் புருஷன் ரொசாமெல்லும் மீனவன்தான். "கடல்ல நான் கேப்டன், கரையில இவ. என்ன, கடலுக்குப் போகணும்னா கரையிலதானே உத்தரவு வாங்கணும்?" என்பான்.

ஒரே பெண் அவர்களுக்கு, மயித்தே. எட்டு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. என் வகுப்பில் ஜன்னலோர பெஞ்சில் யாஸ்னா என்ற பிள்ளையோடு உட்காருவாள். இரண்டு பேரையும் பேசாமல் இருக்கவைப்பதுதான் அந்த வருஷம் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

பிறகு கடல் உள்ளே வந்தது.

கோடை விடுமுறை முடிய ஒரு வாரம் இருந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பு பூமி குலுங்கியது. நிற்க முடியவில்லை, நாலு காலில் தவழ்ந்துதான் வெளியே வந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை, ஊரே குன்றின்மேல் ஏறியது. கொஞ்ச நேரத்தில் முதல் தண்ணீர் வந்து படகுகளை எடுத்துக்கொண்டு போனது. இரண்டாவது வந்தது, அது சின்னது. அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. இருட்டில் எல்லோரும் எர்சீலியாவைப் பார்த்தார்கள். மயித்தே கடற்பனியில் நனைந்த இரவுச் சட்டையோடு, குளிரில் பல் கிட்டித்து நின்றாள்.

எர்சீலியா குன்றின் ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்தாள். "முடிஞ்சுது. இனி வராது" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், எனக்கும் கேட்டது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பளி எடுக்க வீட்டுக்கு இறங்கினாள். அவள் சொன்னால் சரிதான் என்று நாலு பேர் பின்னாலேயே இறங்கினார்கள்.

மூன்றாவதுதான் பெரியது.

மத்தியானம் எர்சீலியாவை ஒரு பைன் மரத்தின் உச்சியில் கண்டுபிடித்தோம். கழுத்தெலும்பு உடைந்திருந்தது, உயிர் இருந்தது. பின்னால் போன நாலு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மயித்தே கிடைக்கவே இல்லை.

கெலென்கோவில் ஒருவர்கூட அவளைக் குத்திக்காட்டவில்லை. இறந்துபோன ஒருவரின் மனைவி தினமும் ரொட்டி சுட்டு அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். யாராவது திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ரொட்டியை வாங்கி மேசையில் வைப்பாளாம், தொடமாட்டாளாம். ரொசாமெல் சொன்னான்.

ஜூன் மாதம் அடுப்படிக்குத் திரும்பினாள். கஞ்சியின் ருசி மாறவில்லை. ஆனால் கடல் பார்த்த ஜன்னலை மாவுச்சாக்கால் ஆணியடித்து மூடினாள். படகுக்காரர்கள் அவள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மழைநீர் தகரக் குழாயில் குழறினால் போதும், பெஞ்சுமேல் ஏறி நிற்பார்கள். மீனவர்களின் பிள்ளைகள், படகில் பிறக்காத குறையாக வளர்ந்தவர்கள், கடற்கரைக்குப் போக மாட்டேன் என்று அழுதார்கள். யாஸ்னாதான் ரொம்ப மோசம். பக்கத்து இடம் காலியாக இருந்த பெஞ்சில் ஓரமாக ஒண்டி உட்காருவாள். கேள்வி கேட்டால் பெஞ்சுப் பலகையைப் பார்த்துப் பதில் சொல்வாள். குரல் எனக்கே கேட்காது. செருப்பைக் கழற்றாமல்தான் தூங்குகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். மூன்று வருஷம் இப்படியே போனது.

அப்போதுதான் கொரோனெல் துறைமுகத்தில் நிற்கும் கராம்பாங்கே கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நிலக்கரி ஏற்றிய பழைய நீராவிக் கப்பல், நூறு வயது தாண்டியது. அதைச் சரிசெய்து, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி, ஆளுக்கொரு வேலை கொடுத்து ஒரு நாள் முழுக்க மாலுமிகளாக வைத்திருந்து அனுப்புகிறார்களாம். பயந்த பிள்ளைகளுக்கு நல்லது என்று இன்னொரு ஊர் டீச்சர் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன்.

பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எர்சீலியா மட்டும் அடுப்படி வாசலில் நின்றபடி கேட்டாள்.

"எதுக்கு டீச்சர்?"

"தைரியம் வரட்டும்னுதான்."

"எதுக்குத் தைரியம்?"

அவளே சொன்னாள்: "பயந்த புள்ள மேலேயே நிக்கும். இறங்காது. விடுங்க, பயந்துட்டுப் போகட்டும். எனக்கு அன்னிக்குக் கொஞ்சம் பயம் இருந்திருந்தா போதும்."

ரொசாமெல் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே எழுந்து வெளியே போனான்.

ஆனாலும் அவள் வந்தாள். பெரியவர் இன்னொருவர் கூட வரவேண்டும் என்பது விதி. பள்ளியில் வேறு யாருக்கும் முடியவில்லை. "அந்த ஊர்ல ரொட்டிகூட நம்பி வாங்க முடியாது. புள்ளைங்க பட்டினி கெடக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு பெரிய அலுமினியப் பானை நிறையக் கஞ்சியும், பூசணி மாவில் பொரித்த சோப்பாய்ப்பியா நூறும் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

மூன்று மணி நேரப் பயணம். கடல் தெரியும் பக்கத்துத் திரைகளைப் பிள்ளைகள் இழுத்து மூடிவிட்டார்கள். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள்.

துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து நின்றார்கள். கறுப்பு இரும்பு, சிவப்புப் புகைபோக்கி, பெரிய நங்கூரம். பிறகு ஏறுபாலத்தைப் பார்த்தார்கள். பலகைகளுக்கு நடுவே விரலளவு சந்து இருந்தது. சந்துக்குக் கீழே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கப்பலில் எங்களை வரவேற்றவள் ஹிமேனா என்ற குண்டான பெண். முப்பது வயது இருக்கும். மேலிருந்தே சத்தம் போட்டாள்: "என்ன மாலுமிகளே, கப்பல் உங்ககிட்ட வரணுமா? நூத்திப்பத்து வயசுக் கிழவி, அவளால நடக்க முடியாது!"

யாரும் சிரிக்கவில்லை. நான் கெஞ்சினேன், கை கொடுத்தேன், ஒருவனைத் தூக்கப் பார்த்தேன், என் கையைக் கடித்துவிட்டான். கால்மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பிப் போய்விடலாம் என்று முடிவு செய்து, பஸ் டிரைவரைத் தேடித் திரும்பினேன்.

அப்போது எர்சீலியா பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, சோப்பாய்ப்பியாக் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பாலத்தில் நடந்தாள். கைப்பிடியைத் தொடவில்லை. கீழே பார்க்கவும் இல்லை. கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்து போய்க் கப்பலில் இறங்கி, பானையை வைத்தாள்.

ஓஸ்மான் என்று ஒரு பையன், எப்போதும் பசிக்கிறவன். அவன்தான் அலறினான்: "டேய், அத்தை போயிட்டாங்கடா! சாப்பாடும் போயிடுச்சுடா!"

ஓடினான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு எல்லோரும், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முன்னால் போகிறவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு. யாஸ்னா கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

எர்சீலியாவுக்கு எவ்வளவு தைரியம் என்று அன்று நினைத்தேன். அது தைரியம் இல்லை. தனக்கு இனி என்ன ஆனாலும் சரி என்று இருக்கிறவளின் நடை அது. எனக்கு அது புரிய இரண்டு வருஷம் ஆனது.

ஹிமேனா கெட்டிக்காரி. அறிவுரை சொல்லவே இல்லை. நேராக வேலை கொடுத்தாள். ஓஸ்மான் மணியடிக்க வேண்டும். இரண்டு பேர் சுக்கான் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும், ஒருவனால் அது அசையாது. நாலு பேர் கயிறு இழுக்க வேண்டும். "இழுக்கறியா, தடவிக்குடுக்கறியா? கயிறு என்ன பூனையா?" என்று கத்துவாள். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் திருப்பிக் கத்த ஆரம்பித்தார்கள். மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துவது போலப் பாவனை செய்தேன்.

கேப்டன் அறையில் ஒரு பித்தளைப் பேசுகுழாய் இருந்தது. மேலே பேசினால் மூன்று தளம் கீழே கொதிகலன் அறையில் கேட்கும். கீழே பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஹிமேனா எர்சீலியாவைக் கேட்டாள்: "சமையல்காரம்மா, நீங்க போறீங்களா? உத்தரவு வந்தா 'கேட்டுச்சு'ன்னு சொன்னா போதும்." பிள்ளைகளின் சத்தத்திலிருந்து தள்ளியிருந்தால் போதும் என்று இருந்ததோ என்னவோ, எர்சீலியா தலையசைத்துவிட்டு இரும்பு ஏணியில் இறங்கிப் போனாள்.

குழாயில் பேச யாஸ்னாவைக் கூப்பிட்டார்கள். அவள் வாயை வைத்து ஏதோ முணுமுணுத்தாள்.

"பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கலையே கண்ணு," என்றாள் ஹிமேனா. "நடுவுல அவ்வளவு இரும்பு இருக்கு. அது ஒதுங்கி வழிவிடற மாதிரி கத்து."

யாஸ்னா என்னைப் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்: "கீழ யாராவது இருக்கீங்களா? பதில் சொல்லுங்க!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஓஸ்மான் மணியை அடித்துத் தீர்த்தான். யாஸ்னா குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கூடுதல் நேரம்தான் கேட்டாள். பிறகு பித்தளை மூடியை மெதுவாக மூடினாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"கேட்டுச்சாம்" என்றாள்.

அவள் காதில் உண்மையில் என்ன விழுந்தது என்பதை இரண்டு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். குழாய்க்குள்ளிருந்து எர்சீலியாவின் குரல் வந்ததாம்: "மயித்தே! அம்மா வரேன். அங்கேயே இரு. இறங்காத, அங்கேயே இரு." திரும்பத் திரும்ப அதையே.

எர்சீலியா மேலே வர நேரமாயிற்று. முகமெல்லாம் கரி. துடைக்கவில்லை. எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினாள், யார் தட்டிலும் குறையவில்லை. யாஸ்னாவின் முறை வந்தபோது மட்டும் கரண்டி பானையின் விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது.

திரும்பும்போது திரைகள் திறந்திருந்தன. பிள்ளைகள் கடலைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு வந்தார்கள். நான் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மேலதிகாரிகளுக்கு அனுப்பும் அறிக்கைக்கு ஏற்ற விஷயங்கள். அப்படித்தான் நானும் எழுதினேன். பிள்ளைகள் கடற்கரைக்குப் போனார்கள், படகில் ஏறினார்கள். யாஸ்னா வகுப்பில் சத்தமாகப் படித்தாள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினாள். "அத்தை, நான் யாஸ்னா! எனக்கு இன்னும் கொஞ்சம்!" என்பாள் தினமும். கப்பல் செய்த அதிசயம் என்று அதையும் அறிக்கையில் சேர்த்தேன். ஏன் அப்படிக் கத்தினாள் என்பதையும் பிற்பாடு அவளே சொன்னாள். "பேசறது நான்தான், மயித்தே இல்லன்னு அத்தைக்குத் தெரியணும்ல டீச்சர். அதான் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசினேன்."

பதிமூன்று வயதில் அவள் அப்பாவின் படகை ஓட்டினாள். எர்சீலியா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கஞ்சி அதே ருசியாக இருந்ததே.

அடுத்த எச்சரிக்கை ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. வடக்கே எங்கோ பெரிய நடுக்கம். எங்களுக்கு லேசாகத்தான் ஆடியது, பிறகு சைரன் ஊதியது. பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து வரிசையாகக் குன்றேறினார்கள். ஓஸ்மான் நடக்க முடியாத ஒரு கிழவரை முதுகில் சுமந்தான். ஒருவரும் அழவில்லை. எர்சீலியா காஸ் அடுப்பை அணைத்ததையும், கடைசிப் பிள்ளையை வெளியே அனுப்பியதையும் நான் பார்த்தேன். பின்னாலேயே வருவாள் என்று நினைத்தேன். ரொசாமெல்லும் மற்றவர்களும் அன்று படகுகளோடு ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே பயமில்லை.

மேலே ஆளை எண்ணும்போது எர்சீலியா இல்லை.

"அதோ இருக்காங்க" என்றாள் யாஸ்னா.

கடற்கரையில், தண்ணீருக்கு இருபது அடி தள்ளி, மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் யாஸ்னா இறங்கி ஓடினாள்.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பியே பார்க்கவில்லை. என்னோடு ஊர்ப் பிள்ளைகளும் சேர்த்து நாற்பது பேர் இருந்தார்கள், இரண்டு பேர் கைக்குழந்தைகள். என்னால் நகர முடியவில்லை. நகர முடியவில்லையா, நகரவில்லையா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். கீழே தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. எப்போதும் மூழ்கியே இருக்கும் பாறைகள் அடிவரை வெளியே தெரிந்தன.

கீழே நடந்ததை யாஸ்னா பிறகு சொன்னாள்.

"மேல போ" என்றாளாம் எர்சீலியா, திரும்பாமலே.

"நீங்களும் வாங்க."

"போன்னு சொல்றேன்ல."

யாஸ்னா பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்குக் கப்பல்ல குழாயில கூப்பிட்டது நான்தான் அத்தை. மயித்தே இல்ல. நீங்க எந்திரிக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

எர்சீலியா அவளைக் கன்னத்தில் அறைந்தாள். யாஸ்னா அசையவில்லை. இன்னொன்று அறைந்தாள். பிறகு கடலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். ஒரு சத்தம் போட்டாளாம். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று யாஸ்னாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். குன்றின் பாதியில் யாஸ்னா விழுந்தபோது நிற்கக்கூட இல்லை, அப்படியே தரதரவென்று இழுத்து வந்தாள். அந்த விரல் தடம் பிள்ளையின் கையில் பத்து நாள் கறுத்துக் கிடந்தது.

மேலே வந்ததும் நான் அணைக்கப் போனேன். எர்சீலியா என் கையைத் தட்டிவிட்டாள்.

"இதுக்குத்தான் கூட்டிட்டுப் போனீங்களா கப்பலுக்கு?" மூச்சிரைத்தது அவளுக்கு. "தைரியம் குடுக்கறேன்னீங்களே. பாருங்க. இறங்கி வந்துட்டா. மறுபடியும் என் பின்னால ஒரு புள்ள இறங்கி வந்துட்டா டீச்சர்."

தண்ணீர் வந்தது. படகு நிறுத்தும் இடம் வரை ஏறி, இரண்டு மீன்பெட்டிகளை நகர்த்திவிட்டுத் திரும்பிப் போனது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் முழங்காலளவுகூட வந்திருக்காது. எர்சீலியா அதை நின்று பார்த்தாள். "இவ்வளவுதானா" என்றாள், யாரிடமும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு, மலைப்பக்கம் லோன்கிமாயில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து கடலுக்கு ஒரு நாள் பயணம். ரொசாமெல் போகவில்லை. "புள்ள இங்கதான் தண்ணிக்குள்ள எங்கேயோ இருக்கு. அதை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?" என்றான் என்னிடம். எர்சீலியாவால் இங்கே இருக்க முடியாததற்கும் அதுவேதான் காரணம். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. அவன்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்தான்.

ஐந்தாறு வருஷம் கழித்து, போன ஜூலையில் நான் லோன்கிமாய் போனேன். பனி முழங்கால் வரை கிடந்தது. தங்கை பெயர் ஒர்தென்சியா, லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். எர்சீலியா உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தோள் எலும்பு சட்டைக்குள் கூடாரக் கம்பு மாதிரித் தெரிந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. மாத்தே என்கிற கசப்புத் தேயிலை போட்ட குவளையில் வெந்நீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள்.

"யாஸ்னா?" என்றாள்.

"வால்டிவியாவுல படிக்கிறா. கப்பல் எஞ்சின் படிப்பு. நல்லாப் படிக்கிறா."

"ம்."

கொஞ்ச நேரம் பிசைந்தாள். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "நான் பண்ணது தப்பா எர்சீலியா?" என்று கேட்டுவிட்டேன். ஆறுதல் வாங்குவதற்காகத்தான் கேட்டேன். அவளிடம் போய் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"புள்ளைங்களுக்கு நீங்க பண்ணது நல்லதுதான்" என்றாள். "எனக்கு யாராலயும் எதுவும் பண்ண முடியாது. அதுக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்ல. கெளம்புங்க டீச்சர், பனி ஏறினா பஸ் நின்னுடும்."

ஒர்தென்சியா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். பேச்சுத் துணைக்கு ஏங்கிக் கிடந்தவள் போலப் பேசினாள். அக்கா காலையில் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறாள், சம்பளம் வாங்க மாட்டேன் என்கிறாள், ரொசாமெல் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து எதிரே உட்கார்ந்துவிட்டுப் போகிறான், இரண்டு பேரும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கம்பளியைப் போர்த்தினால் உதறிவிடுகிறாள், இந்தக் குளிரிலும் போர்வையில்லாமல்தான் படுக்கிறாள்.

"தூக்கத்துல பேசறா டீச்சர்," என்றாள் கடைசியாக. "தினமும்."

என்ன பேசுகிறாள் என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்தது. கண்ணாடியெல்லாம் பனி பூத்திருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டேன்.